பழவேற்காடு ஏரிக்கு ஒரு நாள் போயிட்டு வரலாமா?



குழுக் கூட்டத்தில் "எல்லாரும் சேர்ந்து எங்கயாவது போயிட்டு வரலாமே" என்று பேச்சு வந்தால், உடனே வேன் பேசி திருப்பதி, மேல்மருவத்தூர் என்று கணக்கு நீளுகிறது. செலவைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துப் பெண்கள் காலையில் கிளம்பினால் சாயங்காலம் அடுப்பு மூட்டும் நேரத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. நண்டு, இறால் வாங்கும்போது மட்டும்தான் நாம் அதன் பேரைச் சொல்கிறோம். "அங்க என்ன இருக்கு, மீன் வாடைதானே?" என்று பல கூட்டங்களில் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் போகும் வழி. சென்னை சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத சாதாரண நகரப் பேருந்து வருகிறதா என்று பஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். திருவள்ளூர் பக்கத்து உறுப்பினர்களுக்குக் கொஞ்சம் சுற்றுதான். ரயில் என்றால் சென்னை வரை வந்து வண்டி மாற வேண்டும், இல்லாவிட்டால் செங்குன்றம் வழியாக பஸ்ஸில் வரலாம். பொன்னேரியிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஏறுவது நல்லது. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் பெண்கள் பயணத்தில் பாதிக் கவலை இதுதான்.

நாம் பார்க்கப் போவது சாதாரண ஏரி இல்லை. ஒடிசாவில் உள்ள சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனை மட்டும் நம் மாவட்டத்தில். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருக்கும் தீவுதான் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரைத் தள்ளுகிறது. இரண்டும் கலந்த தண்ணீரில்தான் இறால் குஞ்சு வளரும். தாய் இறால் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். கோடையில் மணல் அடைத்து முகத்துவாரம் மூடிக்கொண்டால் குஞ்சு உள்ளே வராது. ஏரியை நம்பியிருக்கும் குடும்பங்களில் கடன் வட்டி ஏறுவது அந்த மாதங்களில்தான். "ஆத்துவாய் அடைச்சுக்கிச்சு" என்று அவர்கள் சொல்வது, "கம்பெனியில வேலை இல்ல" என்று சிப்காட் பக்கத்தில் நாம் சொல்வது மாதிரி.

ஊருக்குள் காலாற நடந்தாலே பார்க்க நிறைய இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது. பாம்பு இருக்கும், உள்ளே இறங்க வேண்டாம். டச்சுக் கல்லறையைக் கட்டாயம் பாருங்கள். தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும், பிள்ளைகள் பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும். எல்லாருக்கும் முடிவு ஒன்றுதான் என்பதற்காக அப்படிச் செதுக்குவது அந்தக் காலத்து ஐரோப்பிய வழக்கம். கல்லில் எழுத்தும் பூவேலையும் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

அவர்கள் இவ்வளவு தூரம் எதற்கு வந்தார்கள்? துணிக்காகத்தான். இந்தப் பக்கத்து நெசவாளர்கள் நெய்த துணியைக் கப்பலில் ஏற்றி இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டு போய், அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கட்டம் போட்ட கைக்குட்டைக்கும் லுங்கிக்கும் இந்த ஊர்ப் பேரே வெளிநாடுகளில் வழங்கியது. நூல் நூற்றுக் கொடுத்ததில் பெரும் பங்கு பெண்களுடையது, ஆனால் கல்லறைக் கல்லில் அவர்கள் பேர் இருக்காது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஆண், பெண், குழந்தைகளை அடிமைகளாக இதே துறையிலிருந்து கப்பலேற்றினார்கள். அழகான கல்லறைக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா ஆலயம், பழைய பள்ளிவாசல்கள், ராமாயணக் கதையைச் சின்னச் சின்ன சிற்பமாகச் செதுக்கிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் எல்லாம் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன.

நம் குழுக்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பனை ஓலை வேலை. இந்த ஊர் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே பெட்டி, கூடை, தட்டு முடைகிறார்கள். ஓலையைக் கிழித்துக் காயவைத்து, சாயம் ஏற்றி, விரல் பார்க்காமலே பின்னுவார்கள். ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, ஓலை எங்கிருந்து வருகிறது, யார் வாங்குகிறார்கள், கையில் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். தொழில் கடன் வாங்க நினைக்கும் குழுவுக்கு இந்த அரை மணி நேரப் பேச்சு பயிற்சி வகுப்பைவிட உதவும். பேரம் பேசுவதில் தப்பில்லை, ஆனால் நம்மை மாதிரியே ஒரு பெண் என்பது நினைவிருக்கட்டும்.

ஏரிக்கரைக்குப் போனால் 'பாடு' முறையைப் பற்றிக் கேளுங்கள். ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களை யாரும் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. சீட்டுப் போட்டு முறை வைத்து, இன்று இவர், நாளை அவர் என்று மாற்றிக்கொள்கிறார்கள். நம் குழுவில் கடன் சுற்றுவதைப் போலத்தான். ஆனால் அந்தக் கணக்கில் வருவது உரிமையுள்ள கிராமங்களின் ஆண்கள் மட்டுமே. பெண்களுக்குப் பாடு கிடையாது, இருளர் மக்களுக்கும் கிடையாது. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் செய்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். வலையும் படகும் இல்லாமல் நாள் முழுக்க நடக்கும் வேலை அது. அதைப் பார்த்தால் இறால் விலையைப் பற்றி அப்புறம் முணுமுணுக்கத் தோன்றாது.

இப்போது படகு விஷயம். கரைக்குப் போனதும் "அக்கா, ஒரு ரவுண்டு போலாமா, முகத்துவாரம் வரைக்கும்" என்று யாராவது கூப்பிடலாம். போக வேண்டாம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று உறவினர்களாகச் சேர்ந்து வந்த ஒரு கூட்டம் இந்த ஏரியில் படகில் போனது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. அதற்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்ற மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. தடை இருந்தாலும் கூப்பிடுகிறவர் கூப்பிடத்தான் செய்வார்.

ஏன் கவிழ்கிறது என்று தெரிந்துகொண்டால் மறுப்பது சுலபம். மீன்பிடிப் படகு வலையையும் நாலைந்து பேரையும் தாங்கச் செய்தது. வலை அடியில் கிடக்கும், பாரம் கீழே இருக்கும். நாமோ பத்து இருபது பேர் ஏறி, பறவையையோ அலையையோ பார்க்க எழுந்து நிற்போம். பாரம் மேலே ஏறிவிடும். "அங்க பாரு" என்று எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு நிற்காது. ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான், உண்மை. ஆனால் முகத்துவாரத்துக் கால்வாயில் ஆழமும் இழுப்பும் அதிகம். நீரேற்றம் வடியும்போது ஏரித் தண்ணீர் கடலுக்கு ஓட, அலை எதிரே வந்து மோதும். அங்கே விழுந்தால் சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவர்களுக்கே கஷ்டம். அரசு அனுமதியும், ஆளுக்கொரு உயிர்காப்பு ஜாக்கெட்டும், குழந்தைக்கு ஏற்ற சின்ன ஜாக்கெட்டும் கண்ணால் பார்த்தால் ஒழிய, எந்த ஊரிலும் படகில் கால் வைக்காதீர்கள். "இவ்வளவு தூரம் வந்து படகுல போகலைன்னா எப்படி" என்று குழுவில் ஒருவர் கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல ஊக்குநர் கிளம்பும் முன்பே தயாராக இருக்க வேண்டும். இதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அங்கே வாக்குவாதம் வராது.

கடலைப் பார்க்கப் படகு தேவையும் இல்லை. பாலத்தைத் தாண்டினால் லைட் ஹவுஸ் குப்பம், கலங்கரை விளக்கம், கடற்கரை. காலை நனைத்துக்கொள்ளலாம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் இறங்கக் கூடாது. ராக்கெட் விடும் நாளாக இருந்தால் இந்தக் கரையிலிருந்தே நெருப்போடு மேலே போவதைப் பார்க்கலாம். நேரம் மாறும், தள்ளியும் போகும், அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

பறவை பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை, புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பூநாரை ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து, அலகாலேயே சேற்றைச் சலித்துத் தின்னும். அது தின்னும் பாசியிலும் சின்ன உயிர்களிலும் இருக்கும் நிறச்சத்துதான் அதன் சிறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. (செங்கால் நாரை என்பது வேறு பறவை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டும் என்றால் இன்னொரு நாள் சூலூர்பேட்டைக்குப் போங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து அதே ரயில் பாதைதான். செங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் ஏரி.

செலவுக்குக் குழுச் சேமிப்பில் கை வைக்க வேண்டாம், உள்கடனாகவும் எடுக்க வேண்டாம். மாதம் கொஞ்சமாகத் தனியாகச் சேர்த்து, தனி நோட்டில் எழுதுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் பஸ் செலவு மட்டும்தான். ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால் அவர்கள் லீவு நாளைக் கேட்டு நாள் குறியுங்கள். ஞாயிறும் காணும் பொங்கலும் கூட்டம் நெரியும். "ஊர் சுத்தப் போறியா" என்று வீட்டில் கேட்டால், மாமியாரையும் ஒரு இடம் போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.

திரும்பும்போது கரையோரம் கருவாடு விற்கும் பெண்களிடம் வாங்குங்கள். நன்றாகக் காய்ந்ததா என்று உடைத்துப் பாருங்கள், வளைந்தால் ஈரம் இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் காலையில் இறங்கிய உடனே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.