மலைவாழ் மாணவர்க்கு உண்டு உறைவிடக் கல்வியும் உதவித்தொகையும்

புளி, கடுக்காய், தேன் முதலிய பொருள்களைச் சேகரித்தும், சாமையும் மிளகும் பயிரிட்டும் வாழும் பழங்குடி மக்களுக்கென நமது மாநிலத்து மலைகளில் மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்கி வருகின்றன. இச்சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் எம்மிடம் உறுப்பினர்கள் கடனைப் பற்றிக் கேட்பதைவிடப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பதே மிகுதி. பல சிற்றூர்களில் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அடுத்த பள்ளியோ மலைப்பாதையில் நெடுந்தொலைவு. பையன் ஆடு மேய்க்கப் போகிறான். பெண் குழந்தை வீட்டோடு நின்றுவிடுகிறாள்.

இந்நிலையை மாற்றவே உணவும் உறைவிடமும் தரும் பள்ளிகள் ஏற்பட்டன. மாநில அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஒரு வகை. மத்திய அரசு 1997-98ஆம் ஆண்டில் தொடங்கிய ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகள் மற்றொரு வகை. சேலம் மாவட்டத்து அபிநவம், கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கொல்லிமலையில் செங்கரை, ஏலகிரியில் அத்தனாவூர், செங்கல்பட்டு மாவட்டத்துக் குமிழி ஆகிய இடங்களில் இவ்வகைப் பள்ளிகள் உள்ளன. ஆறு முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள். ஒரு பள்ளிக்கு 480 மாணவர், அவருள் சரிபாதி பெண்கள். ஆறாம் வகுப்பில் 60 இடங்களே என்பதால் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கின்றனர். 2018ஆம் ஆண்டு திருத்தப்பட்ட திட்டத்தில் ஒரு மாணவருக்கு ஆண்டுச் செலவாக 1,09,000 ரூபாய் வகுக்கப்பட்டது. எந்தக் குடியானவரும் தம் கைப்பொருளால் செய்யக்கூடிய செலவன்று இது.

பிற பள்ளிகளிலும் விடுதிகளிலும் தங்கிப் படிப்போர்க்கு உதவித்தொகை உண்டு. ஒன்பது, பத்தாம் வகுப்பினர்க்கு ஒரு திட்டம். பதினொன்று முதல் கல்லூரிவரை மற்றொரு திட்டம். இரண்டாவது, தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென 1944இல் தொடங்கிப் பின்னர் பழங்குடியினர்க்கும் விரிவாக்கப்பட்டது. பெற்றோரின் ஆண்டு வருமானத்திற்கு வரம்பு உண்டாகையால் வருமானச் சான்றும் வேண்டும்.

ஆனால் இவை அனைத்திற்கும் திறவுகோல் சாதிச் சான்றிதழே. இதில்தான் நம் மக்கள் பெரிதும் இடர்ப்படுகின்றனர். ஏனைய வகுப்பினர்க்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகின்ற காரியம், பழங்குடியினர்க்கு அங்கே முடிவதில்லை. 1989 நவம்பர் முதல் அச்சான்றை வழங்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் உள்ளது. விசாரணை நடக்கும், உறவினர் சான்றுகளைக் கேட்பர், மாதங்கள் உருண்டோடும். பள்ளி சேர்க்கும் வாரத்தில் ஓடினால் கிட்டாது. பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே மனுச் செய்தல் வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. மறுப்பார்களாயின் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுக. வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு மேல்முறையீடு செய்ய இயலாது.

சான்று கிட்டாமைக்கு விண்ணப்பதாரரின் தாமதமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி மலையாளி இனத்தார் (இவர்கள் கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் மலைமக்கள்) தருமபுரி, சேலம், வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டுமே பழங்குடியினர் எனக் குறிக்கப்பட்டனர். ஈரோடு மாவட்டம் பிரிந்ததோ 1979இல். அதற்கு முன் பர்கூர் மலை கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. கோவையோ பட்டியலில் இல்லை. ஆகவே பர்கூர்ப் பிள்ளைகள் நெடுங்காலம் பழங்குடிச் சான்றின்றி நின்றனர். எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேலத்தில் வாழும் அதே இனத்துப் பிள்ளைக்கோ அது கிட்டியது. பட்டியல் திருத்த முடியாததன்று. நரிக்குறவர் 2023 சனவரியில் அதில் சேர்க்கப்பட்டனர். அதற்குப் பாராளுமன்றத்தின் சட்டம் தேவைப்பட்டது.

சங்கங்கள் செய்யத்தக்கவை சில உள. உதவித்தொகை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. ஆதார் அட்டையில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருந்தால் தொகை வந்து சேராது. கடன் மனுவைச் சரிபார்க்கும் கண்ணோடு செயலாளர் இவற்றையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இ-சேவை மையம் நடத்தும் சங்கமாயின், சான்றிதழ் மனுக்களை அங்கேயே பதிவு செய்து ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுக்கலாம்.

பணத்தைத் தேடுவோர், இலாபப் பிரிவினையில் வரும் கூட்டுறவுக் கல்வி நிதியை இதற்கெனக் கருதுவதுண்டு. அது பிள்ளைகளின் பள்ளிப்படிப்புக்கு உரியதன்று, ஒன்றியத்திற்குச் செலுத்தவேண்டியது. துணைவிதி இடந்தருமாயின் பொது நல நிதியை நாடலாம். பெருஞ்செலவு ஒன்றும் தேவையில்லை. பொங்கல் விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை திரும்பாமல் நின்றுவிடுவதே உண்டு உறைவிடப் பள்ளிகளில் நாம் அடிக்கடி காணும் இழப்பு. பத்து வயதுப் பிள்ளை தாயைப் பிரிந்து போக அழுகிறது; தகப்பனிடம் பேருந்துக் கட்டணம் இராது; ஒரு வாரம் ஒரு மாதமாகிறது. அந்த வாரத்தில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அனுப்பிப் பிள்ளைகளை ஒன்றாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவைச் சங்கம் ஏற்றல் நன்று.