வெளிப்புறக் கல்வியில் முதுநிலை ஆய்வு: காக்களூர் நிலப்பரப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வகுப்பறைக்கு அப்பால் நிலத்தையும் நீரையும் பாடமாகக் கொண்டு கற்பிக்கும் முறை வெளிப்புறக் கல்வி எனப்படுகிறது. மேலைநாடுகளிலும் சிங்கப்பூரிலும் இது பள்ளிப் பாடமாகவும் பல்கலைக்கழகத் துறையாகவும் வளர்ந்துள்ளது. இத்துறையின் வரலாற்றையும் முதுநிலைப் படிப்பின் உள்ளடக்கத்தையும் விளக்கி, தமிழ்நாட்டு ஆய்வாளர் இதனை எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பதைத் திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டைப் பகுதியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வெளிப்புறக் கல்வி, அனுபவவழிக் கற்றல், இடஞ்சார் கல்வி, திணை, காக்களூர், பூண்டி, அத்திரம்பாக்கம்.

முன்னுரை

பள்ளி மாணவரை வெளியே அழைத்துச் செல்லுதல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. கல்விச் சுற்றுலா, சாரணர் இயக்கம், நாட்டு நலப்பணித் திட்டம், பசுமைப்படை எனப் பல வடிவங்கள் நெடுங்காலமாக நிலவுகின்றன. எனினும் இவற்றைக் கல்வியியல் நோக்கில் ஆராய்ந்து, பயிற்சி பெற்ற ஆசிரியரை உருவாக்கும் முதுநிலைப் படிப்பு குறித்த உரையாடல் தமிழில் அரிதாகவே காணப்படுகிறது. அவ்விடைவெளியை நிரப்பும் சிறு முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

1. சொல்லும் எல்லையும்

‘திறந்தவெளிக் கல்வி’ என்னும் தொடர் ‘திறந்தநிலைக் கல்வி’ என்பதோடு மயங்க இடமுண்டு. பின்னது தொலைநிலைப் பல்கலைக்கழகங்களைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. ‘களப்பணி’ என்பது தரவு திரட்டலைக் குறிக்கும். ஆகவே இக்கட்டுரை ‘வெளிப்புறக் கல்வி’ என்னும் தொடரையே ஆள்கிறது. சுற்றுலாவில் இடம் காட்சிப்பொருளாக நிற்கிறது; களப்பணியில் தரவின் மூலமாகிறது; வெளிப்புறக் கல்வியில் கற்பவரின் உடல், உணர்வு, அறிவு ஆகிய மூன்றையும் ஒருங்கே இயக்கும் ஆசிரியராகிறது. இவ்வேறுபாடே இத்துறையின் எல்லையை வகுக்கிறது.

2. துறையின் தோற்றமும் வளர்ச்சியும்

ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான் 1934-இல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். அவரும் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் இணைந்து 1941-இல் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினர். போர்க்காலக் கடலில் இளம் மாலுமிகள் உயிர்தப்பும் உள்ளுரம் பெறவேண்டும் என்பது அதன் உடனடித் தேவையாக இருந்தது. சாகசத்தின் வழியே பண்பை வளர்த்தல் என்னும் இம்மரபே 1967-இல் சிங்கப்பூரிலும் வேரூன்றியது. அந்நாட்டின் 2014-ஆம் ஆண்டு உடற்கல்விப் பாடத்திட்டத்தில் வெளிப்புறக் கல்வி ஒரு கூறாக இடம்பெற்றதால், அங்குள்ள தமிழ் மாணவரும் இதனை முறையான பாடமாகக் கற்கின்றனர்.

இரண்டாவது மரபு சாகசத்தைவிட வாழிடத்தை முதன்மைப்படுத்துவது. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் தாம் வாழும் வட்டாரத்தை நேரில் அளந்தறிதலே கல்வியின் தொடக்கம் எனக் கருதினார். அவர் 1914-இல் சென்னைக்கு வந்து, மாகாணத்தின் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதியவர் என்பது தமிழ் ஆய்வுலகம் நினைவில் கொள்ளத்தக்கது. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையும் சுற்றுப்புறத்தையும் பாடத்தின் மையத்தில் நிறுத்தியது. எனவே இத்துறையை முற்றிலும் இறக்குமதிச் சரக்கு எனத் தள்ளிவிட இயலாது.

3. முதுநிலைப் படிப்பின் உள்ளடக்கம்

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மோரே ஹவுஸ் கல்வியியல் பள்ளி இத்துறையில் முதுநிலைப் படிப்பு வழங்கியதில் குறிப்பிடத்தக்கது. இத்தகைய படிப்புகள் பொதுவாக மூன்று கூறுகளைக் கொண்டவை. முதலாவது கோட்பாடு: 1938-இல் வெளியான ஜான் டூயியின் அனுபவமும் கல்வியும் பற்றிய நூல், 1984-இல் டேவிட் கோல்ப் முன்வைத்த கற்றல் சுழற்சி ஆகியன இதன் அடிப்படை. அனுபவம், அதனை எண்ணிப்பார்த்தல், கருத்தாக்கம், மீண்டும் செய்துபார்த்தல் என அச்சுழற்சி நான்கு நிலைகளில் இயங்கும். இரண்டாவது களத்திறன்: வரைபடமும் திசைகாட்டியும் கையாளுதல், முதலுதவி, இடர் மதிப்பீடு, குழுவை வழிநடத்தல். மூன்றாவது ஆய்வேடு.

2003-இல் கிரீன்வால்ட் முன்மொழிந்த ‘இடத்தின் விமரிசனக் கல்வி’ இத்துறைக்குப் புதிய வினா ஒன்றைத் தந்தது. ஓரிடத்தை நேசிக்கக் கற்பித்தால் மட்டும் போதாது. அவ்விடம் யாரால், யாருக்காக மாற்றப்பட்டது என வினவவும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்பகுதிகளை ஆராய்வோர்க்கு இக்கோட்பாடு இன்றியமையாதது.

4. தமிழ்நாட்டு ஆய்வாளர் எதிர்கொள்ளும் சிக்கல்

உதவிப் பேராசிரியர் பணிக்கு உரிய பாடத்தில் முதுநிலைப் பட்டமும் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பொதுவாக வேண்டப்படுகின்றன. தேசியத் தகுதித் தேர்வின் பாடப் பட்டியலில் கல்வியியல், உடற்கல்வி, சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியன உள்ளன. வெளிப்புறக் கல்வி தனிப் பாடமாக இல்லை. வெளிநாட்டில் இப்பட்டம் பெற்றவர் இணைத்தன்மைச் சான்றையும் நாடவேண்டியுள்ளது. பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டங்கள் குறித்து 2022-இல் இருநாடுகளிடையே உடன்பாடு ஏற்பட்டதால் இத்தடை ஓரளவு தளர்ந்தது. ஆயினும் எத்துறையின்கீழ் அப்பட்டம் கொள்ளப்படும் என்னும் வினா எஞ்சுகிறது.

டார்ஜிலிங்கில் 1954-இல் நிறுவப்பட்ட இமயமலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965-இல் நிறுவப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனம் ஆகியவை களத்திறனில் சிறந்த பயிற்சி அளிக்கின்றன; அவை வழங்குவன பயிற்சிச் சான்றிதழ்களே. ஆகவே இன்றைய நிலையில் நடைமுறைக்கு உகந்த வழி கல்வியியல் முதுநிலைப் படிப்பின் வழியேதான் உள்ளது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளால் ஈராண்டாக நீட்டிக்கப்பட்ட அப்படிப்பில் களப் பயிற்சியும் ஆய்வேடும் கட்டாயம். அவ்விரண்டையும் வெளிப்புறக் கல்விக்கு உரியனவாக அமைத்துக்கொள்ள இடமுண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குப் பத்து நாள் புத்தகப்பையில்லாக் காலத்தைப் பரிந்துரைத்திருப்பதும் இவ்வாய்வுக்குத் தேவையை உண்டாக்குகிறது.

5. காக்களூர் என்னும் களம்

வெளிப்புறக் கல்வி என்றவுடன் மலையும் காடும் நினைவுக்கு வருகின்றன. தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு அவை தொலைவிலுள்ளவை, செலவு மிக்கவை. அப்பிள்ளையின் வாழிடம் பாடமாகாது என முடிவுசெய்துவிட்டால், இக்கல்வி வசதியுள்ளோர்க்கே உரியதாகிவிடும்.

காக்களூரில் ஏரி உள்ளது. சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. ஆவின் பாற்பண்ணை உள்ளது. தெற்கே கூவம் ஆறு மணவாளநகரை ஒட்டிச் செல்கிறது. வடமேற்கே கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் அமைந்துள்ளது; 1996 முதல் கண்டலேறு கால்வாய் வழியே கிருஷ்ணா நீர் இங்கு வருகிறது. அதற்கப்பால் அத்திரம்பாக்கமும் குடியம் குகைகளும் உள்ளன. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்பு தலைமையிலான ஆய்வுக்குழு மேற்கொண்ட அகழாய்வுகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுத் தொன்மையை 2011-இல் நிறுவின.

இவற்றை மூன்று களநாள்களாகப் பகுக்கலாம். முதல் நாள் ஏரி: கலங்கல், மதகு, வரத்துக்கால் ஆகியவற்றை மாணவர் நடந்து அளந்து வரைபடமாக்குதல். இரண்டாம் நாள் தொழிற்பேட்டையின் புறச்சாலைகள்: மழைநீரும் கழிவுநீரும் எவ்வழிச் செல்கின்றன, பணிமாற்ற நேரத்தில் சாலை எவ்வாறு மாறுகிறது என்பவற்றைப் பதிவுசெய்தல். மூன்றாம் நாள் பூண்டி அருங்காட்சியகமும் குடியமும்: கல்லைக் கருவியாக்கிய மனிதரையும் இரும்பைக் கருவியாக்கும் தம் பெற்றோரையும் ஒரே தொழில் வரலாற்றில் வைத்து எண்ணிப்பார்த்தல். கோல்ப்பின் நான்கு நிலைகளும் ஒவ்வொரு நாளிலும் பொருந்துமாறு நாட்குறிப்பும் குழு உரையாடலும் அமையவேண்டும்.

6. திணைக் கோட்பாடு: பயனும் எல்லையும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, கருப்பொருளையும் உரிப்பொருளையும் அவற்றோடு பொருத்துகிறது. இடமும் உயிரும் உணர்வும் பிரிக்கவியலாதவை என்னும் இந்நோக்கு வெளிப்புறக் கல்விக்கு மிக அணுக்கமானது. குடியத்தின் குன்றுகள், ஏரிப்பாசன வயல்கள், பழவேற்காட்டு நெய்தல் எனத் திருவள்ளூர் மாவட்டத்தில் திணைகளை அடுக்கிக் காட்டுவதும் எளிது. ஆயினும் திணை ஒரு கவிதை மரபு, நிலவியல் அட்டவணையன்று. தொழிற்பேட்டைக்கு அதில் இடமில்லை. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து இங்குத் துணைசெய்கிறது. ‘இந்நிலம் எத்திணை?’ என்பதைவிட ‘இம்மருதம் எதுவாகத் திரிந்தது, ஏன்?’ என்பதே மாணவர்முன் வைக்கத்தக்க வினா.

7. பாதுகாப்பும் தகுதியும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றோர் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளை அரசு வகுத்தது. 2024-இல் வனத்துறை 40 வழித்தடங்களில் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. குடியம் குகைகள் அவற்றுள் ஒன்று. பழங்குடியினரும் உள்ளூர் இளைஞரும் இத்தடங்களில் வழிகாட்டிகளாக உள்ளனர். காட்டை அறிந்த அவர்களிடம் நில அறிவு உள்ளது; ஆசிரியரிடம் கற்பித்தல் அறிவு உள்ளது. முதுநிலைப் படிப்பு இவ்விரண்டையும் இணைக்க வேண்டுமேயன்றி, பட்டம் பெறாத அறிவை விலக்கும் வேலியாக மாறிவிடலாகாது.

முடிவுரை

வெளிப்புறக் கல்வி சாகச மரபு, வாழிட மரபு என்னும் இரு வேர்களைக் கொண்டது. தமிழ்நாட்டில் வாழிட மரபே பரவலான மாணவர்க்குப் பயன்தரும். தனிப் பட்டம் உருவாகும்வரை காத்திராமல், கல்வியியல் முதுநிலை ஆய்வேட்டின் வழியே இத்துறையைத் தொடங்க இயலும். பல்கலைக்கழகங்கள் முதற்கட்டமாக இதனை விருப்பப் பாடமாக அமைத்து, முதலுதவியையும் இடர் மதிப்பீட்டையும் அதன் கட்டாயக் கூறாக்குதல் வேண்டும். காக்களூர் போன்ற தொழிற்பகுதிகளில் மேற்கொள்ளப்படும் ஆய்வே இக்கல்வி யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு நேர்மையான விடையளிக்கும்.