அம்பாசடருக்குள் ஒளிந்திருந்த பந்தயக் குதிரை!

கட்டுமாவடியில் மீன் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் லாரிகளின் முகப்பைப் பாருங்கள். ‘அசோக் லேலண்ட்’ என்ற பெயர் கண்ணில் படும். லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் உள்ள ஓர் ஊர். அங்கே பிறந்த லாரி கம்பெனி, 1961-ல் டிரையம்ஃப் கார் நிறுவனத்தை வாங்கியது. 1968-ல் எம்.ஜி., ஜாகுவார், ஆஸ்டின் எல்லாம் அதோடு சேர்ந்து ‘பிரிட்டிஷ் லேலண்ட்’ ஆனது. உலகம் கொண்டாடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பகுதி, கடைசியில் ஒரு லாரிக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது!

இரண்டே இருக்கை, மடக்கி வைக்கும் துணிக்கூரை, தரையோடு தரையாக ஓடும் உயரம். பார்க்கத்தான் பகட்டு. எஞ்சின் என்னவோ சாதாரணக் குடும்பக் காரிலிருந்து எடுத்ததுதான். புதிதாக எஞ்சின் வடிவமைக்கப் பெரும் பணம் வேண்டுமே! அந்தச் சிக்கனத்தால்தான் அதே எஞ்சின்கள் நம் ஊருக்கும் வந்தன.

1955-ல் வந்த எம்.ஜி.ஏ. காரில் இருந்தது 1,489 சி.சி. ‘பி-சீரிஸ்’ எஞ்சின். நம் கல்யாண வீடுகளில் மாலை போட்டு நின்ற அம்பாசடரிலும் பல ஆண்டுகள் இருந்தது அதே குடும்பத்து 1,489 சி.சி. எஞ்சின்தான். எம்.ஜி.ஏ.வுக்கு இரண்டு கார்புரேட்டர், சுமார் 70 குதிரைத் திறன். அம்பாசடருக்கு ஒன்றே ஒன்று, 50 வாக்கில் திறன். அது மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டிப் பறந்தது. இது பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனது. எது பெரிய சாதனை என்பதை நம் ஊர் டிரைவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சென்னைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. வண்டலூர் அருகே இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. இத்தாலியரான மிக்கலோட்டி வடிவமைத்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் எஞ்சினோடு முன் சக்கரங்களும் வெளியே தெரியும். மெக்கானிக்குகளுக்குக் கொண்டாட்டம்! இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, 1962-ல் ‘ஸ்பிட்ஃபயர்’ ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். இங்கேயோ அதற்கு நான்கு கதவு வைத்துக் குடும்பங்களுக்கு விற்றார்கள். அந்த நான்கு கதவு ஹெரால்டு, இந்தியாவில் மட்டுமே வந்தது.

இன்னொரு எஞ்சினின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஸ்டாண்டர்டு வான்கார்ட் காரின் எஞ்சினில், சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்லீவைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். 85 மி.மீ. ஸ்லீவ் போட்டால் 2,088 சி.சி. அதையே 83 மி.மீ. ஆக்கினால் 1,991 சி.சி. இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் நுழைய அது போதும். அப்படித்தான் 1953-ல் டிரையம்ஃப் டி.ஆர்.2 பிறந்தது. பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தொட்டுக் காட்டியது. அதே குடும்பத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழைத்தது. எட்மண்ட் ஹிலாரி 1958-ல் தென் துருவத்தை அடைந்தது ஃபெர்குசன் டிராக்டரில்தான்!

ஆனால், பழைய பெருமை எல்லாக் காலத்துக்கும் கைகொடுக்கவில்லை. 1985-ல் ரோவர் காரின் உடலுக்குள் வான்கார்ட் காலத்து எஞ்சினைப் பொருத்தி ‘ஸ்டாண்டர்டு 2000’ வந்தது. தோற்றத்தில் ராஜா, ஓட்டத்தில் கிழவர். 1988-ல் உற்பத்தி நின்றது. கம்பெனியும் எழுந்திருக்கவில்லை.

தாத்தா வாங்கிய ஹெரால்டோ, பழைய அம்பாசடரோ கொட்டகையில் கிடக்கிறதா? காயலான் கடைக்கு எடை போடும் முன் ஒரு விஷயம். 50 ஆண்டைக் கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ எனப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணிகளுக்கு எடுத்துப் போகலாம். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால், தாத்தா காலத்து நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.