பாம்பு உங்களைப் பொருட்படுத்தாத நாள்

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், உய்டா நகரில், மலைப்பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. அங்கு வருபவர்கள் பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது சும்மா கிடக்கும். அதே இனத்துப் பாம்பு புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தால், யாராவது நெருங்கியதும் தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் அதைப் பந்து மலைப்பாம்பு என்கிறார்கள். விஷமோ வேகமோ இல்லாத அதற்கு அதுதான் தற்காப்பு. உலகில் அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்றான இதை வாங்குபவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆசை: எப்படியாவது இது நம்மோடு பழகிவிட வேண்டும்.

முதலில், நாம் அதற்கு எப்படித் தெரிகிறோம்? பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்காதைச் சேரும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் ஓரளவு எட்டும். ஆகவே நம் கொஞ்சலைவிடக் காலடிதான் அதற்குப் பெரிய செய்தி. நாக்கு திரட்டி வரும் மணத்தை மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பு அறியும். உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும்; அங்குள்ள நரம்புகளின் டிஆர்பிஏ1 என்ற புரதம்தான் இந்த வேலையைச் செய்கிறது என்று 2010-ல் கண்டறிந்தார்கள். இத்தனை புலன்களுக்கும், கூண்டுக்குள் நீளும் நம் கை மேலிருந்து இறங்கும் ஒரு சூடான உடல். காட்டில் அப்படி இறங்குவது பெரும்பாலும் அதைத் தின்னும் பறவை.

இந்தப் பயம் எப்படிக் குறையும்? ரயில் பாதைக்கு அருகே குடியிருப்பவர்கள் இரவு ரயிலுக்கு விழிப்பதில்லையே, அதே வழிதான். எரிக் காண்டல் என்ற விஞ்ஞானி இதை அப்ளிசியா என்னும் கடல் நத்தையில் ஆராய்ந்தார். லேசாகத் தொட்டதும் அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தொட்டுத் தொட்டு எதுவும் ஆகாதபோது, உணர்வு நரம்பு சுரக்கும் வேதிப்பொருள் குறைந்து, உள்ளிழுப்பதும் குறையும். வாலில் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தால் போதும், பழையபடி லேசான தொடுதலுக்கும் பதறும். நினைவு குறித்த இந்த ஆய்வுகளுக்காக 2000-ல் காண்டலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நத்தையின் பாடம் பாம்பு வளர்ப்பவருக்கும் பொருந்தும்: எதுவும் நடக்காத சந்திப்புகள் பல வேண்டும், அதிர்ச்சி ஒன்றுகூட ஆகாது. வந்த முதல் வாரம் தொடவே கூடாது. இந்தப் பாம்பு எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிப்பது. அதனால் உடம்பு சுவரில் உரசும்படி நெருக்கமான ஒளிவிடம் வேண்டும். அப்படிச் சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக வைத்தால், பயந்தாலும் வெப்பத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது. கையை எலி வாடை போகக் கழுவி, மேலிருந்து அல்லாமல் பக்கவாட்டில் கொண்டுபோய், உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கித் தூக்க வேண்டும். சில நிமிடம் போதும். சீறியவுடன் கையை வெடுக்கென இழுத்தால், சீறினால் காரியம் நடக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அசையாமல் இருந்து, அடங்கியபின் விடுவதே முறை. இரை தின்ற இரண்டு நாளுக்கும், சட்டை உரிக்குமுன் கண் மங்கியிருக்கும் நாட்களிலும் தொந்தரவு கூடாது.

இந்தியாவில் மலைப்பாம்பு, நல்லபாம்பு, சாரை எல்லாம் சட்டப் பாதுகாப்பு பெற்றவை, வளர்ப்பது குற்றம். பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனத்தை வைத்திருந்தால் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

பழகிய பாம்பு சுருளாது. தசை தளர்ந்து, நாக்கை நிதானமாக நீட்டியபடி கையில் ஊரும். அது பாசம் என்று சொல்ல ஆதாரமில்லை. கை வெதுவெதுப்பாக இருக்கிறது, ஏறுவதற்கு வாகாக இருக்கிறது, ஆபத்து இல்லை. அதன் கணக்கு பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் தன்னைவிடப் பல மடங்கு பெரிய எந்த உயிரையும் கண்டு பதுங்கவே பழகிய இனம் அது. அப்படிப்பட்டது நம்மை ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்குவது, நாம் சம்பாதித்தால்தான் கிடைக்கும்.