பில்லில் ஒரு சின்னத் தொகை

லீவு நாளில் அப்பாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. விருதுநகர்ச் சரக்கு பில்லின் அடியில் ‘மகமை’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும்.

“இது என்ன வரிப்பா?”

“வரி இல்லடா. வியாபாரிங்க தங்களுக்குள்ள வச்சுக்கிட்டது.”

மூட்டைக்கு இவ்வளவு என்று நாடார் உறவின்முறை முடிவு செய்யும். அந்தக் காசு பொதுப்பணத்தில் சேரும். 19-ஆம் நூற்றாண்டில், வழிப்பறிக்குப் பயந்து மாட்டுவண்டியில் சரக்கு கொண்டுபோன காலத்தில், வண்டியும் ஆளும் பத்திரமாய்த் தங்கப் பேட்டைகள் கட்டியது இந்தப் பணத்தில்தான். கோயில்களுக்குள் தங்களை விடாத நாட்களில் சொந்தக் கோயில், திருவிழா, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் இதில் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலாவுக்கு வீடுவீடாகப் பிடியரிசியும் வாங்கினார்கள். 1903-இல் பிறந்த காமராஜர் படித்தது அங்கேதான்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. சரக்கு வாங்குகிற எல்லாச் சாதிக்காரர் பில்லிலும் மகமை உண்டு (நாங்களும் வேறு சாதிதான்). செலவை முடிவு பண்ணுவது உறவின்முறை மட்டும்.

எங்க தெருவில் பதினோரு கடை, பல சாதி. சாக்கடை அடைத்தால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்போம். போன தை மாசம் அப்பா ஒரு உண்டியல் வைத்தார்: கடைக்குத் தினம் ஐந்து ரூபாய், செலவை எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணணும். இதுவரை ஏழு கடை சேர்ந்திருக்கு. டீக்கடை அண்ணன் மட்டும், “முதல்ல கணக்கைக் காட்டு தம்பி, அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். நோட்டை அவர் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்தேன்.