திருவிழா முடிந்த மறுநாள்

சீசன் ஊர் என்றதும் தென்மாவட்ட வணிகர்களுக்குக் குற்றாலம்தான் நினைவுக்கு வரும். ஆனி, ஆடியில் சாரல் அடித்தால் அங்கே வியாபாரம். அருவி வற்றினால் ஈ ஓட்ட வேண்டியதுதான். கடற்கரையிலும் அப்படிச் சில ஊர்கள் உண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு என்று போகும் கரையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்குப் பெரிய வியாபாரம் எல்லாம் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் வந்து போய்விடுகிறது. மீதிப் பத்து மாதத்தை அவர் எப்படி ஓட்டுகிறார் என்பது மற்ற ஊர் வணிக நண்பர்களுக்கும் உதவக்கூடும்.

முதலில் மணப்பாடு. 1581ல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தில் செப்டம்பர் 1ஆம் தேதி கொடியேற்றம், 14ஆம் தேதி பெருவிழா. கொழும்பு வாணிபத்தில் பொருள் ஈட்டியவர்கள் கட்டிய பெரிய வீடுகள் அங்கே பல. சொந்தக்காரர்கள் பலரும் வெளியூர், வெளிநாடு என்று போய்விட்டதால் ஆண்டின் பெரும்பகுதி அவை பூட்டியே கிடக்கும். திருவிழாவுக்கு வந்து கதவைத் திறந்ததும் உப்பு முதல் விளக்குமாறு வரை ஒரே நாளில் வேண்டும். அடுத்து புரட்டாசியை ஒட்டிக் குலசை தசரா. வேடம் கட்டியவர்களும் மேளக்குழுக்களுமாக லட்சக்கணக்கில் கூடி, பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்ததும் கலைந்து போவார்கள். தீபாவளி கழிந்த கையோடு திருச்செந்தூரில் கந்த சஷ்டி. தீபாவளிச் சரக்குக்கு மொத்த வியாபாரி பணம் கேட்கும் அதே வாரத்தில் சஷ்டிக்கும் கொள்முதல் செய்தாக வேண்டும். வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.

ஆலந்தலைப் பக்கம் கடை வைத்திருக்கும் நானும் ஒருமுறை ஆசைப்பட்டேன். தசரா வண்டிகள் இந்த வழியாகத்தானே போகும் என்று பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் ஆளுயரம் அடுக்கினேன். வண்டிகள் போயின, நிற்கவில்லை. குலசையில் பத்து நாள் ஸ்டால் போட வந்தவர்கள் லாரியோடு சரக்கை இறக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தேதி முடிவதற்குள் பிஸ்கட்டை அசலுக்கும் கீழே தள்ளிவிட வேண்டியதாயிற்று. அது போனால் போகட்டும். அந்தப் பெட்டிகளுக்கு இடம் வேண்டும் என்று அரிசியையும் தேங்காயெண்ணெயையும் குறைவாக வாங்கியிருந்தேன். வாடிக்கையாக வாங்கும் மீனவக் குடும்பத்து அம்மா ஒருவர் வந்து கேட்டபோது இல்லை என்று கைவிரித்தேன். "வெளியூர்க்காரனுக்கு இருக்கு, எங்களுக்கு இல்லையோ அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனவர், மறுபடி என் கடைப் படி ஏறப் பொங்கல் ஆகிவிட்டது.

சீசன் நாளில் உள்ளூர்க்காரர் படும் பாட்டை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் ஏற இடமிருக்காது, ஆட்டோ கிடைக்காது, பால் விடிவதற்குள் தீர்ந்துவிடும். இதற்கு மேல் நாமும் 'சீசன் ரேட்' போட்டால் அவர் மனதில் அது நிற்கும். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம் என்பது தனி விஷயம்.

இப்போது நான் கணக்கை வேறு மாதிரி வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை, வரத்துக் குறைவதால் அவர்கள் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். பழைய பாக்கி வசூலாவது அந்த நாட்களில்தான். உடன்குடிப் பக்கம் பனையேறி, பதநீர் காய்ச்சும் பருவமும் அதுதான். வசூலான பணத்தில் கருப்பட்டி வாங்கிப் போட்டால் ஐப்பசியில் ஊர் திரும்பும் பக்தர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். அப்போது புதுச் சரக்கு வராது, விலையும் ஏறியிருக்கும். ஆனால் இருப்பு வைப்பது லேசல்ல. ஈரக்காற்று பட்டால் இளகிவிடும். காய்ச்சுகிறவரைத் தெரிந்து வாங்குவதும் முக்கியம். சீனி கலந்த கருப்பட்டியைச் சீசன் கூட்டத்தில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தவர் சண்டைக்கு வரமாட்டார், மதுரையிலோ கோவையிலோ இருப்பார். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டிக்குத்தான் கெட்ட பெயர்.

சஷ்டி முடிந்தால் மழை. 2023 டிசம்பர் 17, 18ல் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் கொட்டியதை யாரும் மறக்க முடியாது. ரோடும் ரயிலும் அறுந்து கிடந்தபோது மொத்தச் சரக்கு எங்கிருந்தும் வர வழியில்லை. அவரவர் ஊர்க் கடையில் என்ன இருந்ததோ அதைத்தான் ஜனங்கள் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு தரையில் மூட்டை போடுவதை விட்டுவிட்டேன். இடுப்பளவுக்குப் பலகை அடித்து, கார்த்திகை பிறக்கும்போதே அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி ஒரு மாதத்துக்கு ஏற்றிவைத்துவிடுகிறேன்.

2024 பிப்ரவரி 28ல் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட் பார்க்க வரும் கூட்டத்தை நம்பிக் குளிர்பானப் பெட்டி வாங்கலாமா என்று சிலர் இப்போதே கேட்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆசையில்லை. அது இன்னொரு ஒருநாள் சீசன். அங்கே மாதச் சம்பளத்துக்கு வந்து குடியேறப்போகும் குடும்பங்கள் மளிகைச் சாமானை உடன்குடியில் வாங்குமா, திருச்செந்தூரில் வாங்குமா என்பதுதான் எங்கள் கடைத்திண்ணையில் தினப் பேச்சு.