மாப்பிள்ளை உள்ளே இருக்காருங்களா?

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண் வீட்டார் நாலு மணிக்கு வருவதாகத் தகவல். மூன்றரைக்கே அம்மா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவி வைத்துவிட்டாள். காலிங்பெல் அடித்தது. நானே போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் பெண்ணின் மாமா. பின்னால் நாலு பேர்.

"வணக்கம் தம்பி! மாப்பிள்ளை உள்ளே இருக்காருங்களா?"

"நான்தாங்க அது..."

மனிதர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். மறுபடி முகம். மறுபடி செல்போன். ரயிலில் டி.டி.ஆர். கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்! உள்ளே வந்து பஜ்ஜியைப் பாராட்டிச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. "ஜாதகம் சரியா அமையலீங்க." எட்டுப் பொருத்தம் இருக்கு என்று சொல்லிவிட்டு வந்ததே அவர்கள்தான்.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. செல்போனில் இருந்த ஆள் நானே இல்லையே! ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என் கன்னத்துப் பருத்தழும்பை நிரவி, மூக்கை ஒழுங்குபடுத்தி, நாலு ஷேடு கலர் ஏற்றிக் கொடுத்திருந்தார். 'கொஞ்சம் செவப்பா போட்டுக் குடுங்க' என்று அவரிடம் சொன்னது வேறு யாருமில்லை, என் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன். சிரித்துக்கொண்டுதான் நின்றேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அது உறைத்தது.

புது போட்டோ எடுத்தே ஆக வேண்டும். ஆபீஸ் நண்பர் ஒருவர் மேற்கு மாம்பலத்தில் ஒரு பெரியவரைச் சொன்னார். பிலிம் காலத்து ஆசாமி. போன் செய்தேன்.

"நாளைக்கு வரட்டுமா ஸார்?"

"முடி வெட்டி எத்தனை நாளாச்சு?"

"இன்னிக்கு சாயங்காலம் வெட்டிக்கப் போறேன்..."

"அப்ப அடுத்த சனிக்கிழமை வாங்க!"

வெட்டின புதுசில் காதோரம் வெயில் படாத தோல் வெளுப்பாகக் கோடு போட்டு நிற்குமாம். அது மறைய அஞ்சாறு நாள் வேண்டுமாம். ஷேவிங்கையும் கடைசி நிமிஷத்தில் செய்து சிவந்த கழுத்தோடு வராதே என்றார். நாலு சட்டை கொண்டு வரச் சொன்னார்.

கொண்டு போனேன். வரிசையாக ரிஜெக்ட்! பொடிக் கட்டம் போட்ட சட்டை ('கேமராவுல அலை அலையா நெளியும் தம்பி'). மினுமினுவென்று ஒரு பட்டுச் சட்டை ('இது தாலி கட்டுற அன்னிக்கு'). மூன்றாவதாக என் நம்பிக்கை நட்சத்திரம், வெள்ளை வெளேரென்று புதுச் சட்டை. அதைக் கையில் எடுத்தவர், பாடமே நடத்தினார். ஆட்டோமேடிக் கேமராவுக்கு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கி விடுகிற புத்தி. எதிரே வெள்ளை நிறைய இருந்தால் 'அடேயப்பா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று மொத்தப் படத்தையும் மங்க வைத்துவிடும். கூடவே முகமும் இருண்டு போகும்.

"உங்க பழைய போட்டோவுல முகம் கறுப்பா விழுந்ததுக்குக் காரணம் முகமில்லே தம்பி. சட்டை!"

முப்பத்திரண்டு வருஷத்தில் என் முகத்துக்கு ஆதரவாக ஒருத்தர் பேசியது அதுதான் முதல் தடவை.

கடைசியில் தேறியது, ஆபீசுக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கடல்நீலச் சட்டை. காலர் பட்டனைப் போட்டபின் உள்ளே ரெண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். ரொம்ப லூசாக இருந்தால் ஜுரத்தில் கிடந்து எழுந்த ஆள் மாதிரி கழுத்து தெரியுமாம். நண்பரிடம் இரவல் வாங்கிய கோட்டைக் காட்டினேன்.

"ஆபீசுக்கு இதைப் போட்டுட்டா போறீங்க?"

"இல்லே ஸார்."

"பின்னே?"

கோட்டு பைக்குள் போனது. (நிஜமாகவே கோட்டுப் போடுகிறவர்களுக்கு அவர் சொன்ன டிப்ஸ்: உட்காரும்போது பின்பக்கத் தொங்கலை இழுத்து அதன் மேலேயே உட்கார வேண்டும். தோள்பட்டை தூக்கிக்கொண்டு நிற்காது.)

அடுத்து முகம். "பவுடரா?" என்றார். "லேசா..." என்று இழுத்தேன். "கழுவிட்டு வாங்க!" ஃபிளாஷ் பட்டால் பவுடர் திட்டுத் திட்டாக வெளுக்கும். சில சன்ஸ்கிரீன்களில் இருக்கிற ஜிங்க் ஆக்ஸைடும் அதே வேலையைச் செய்யும். தலையில் அம்மா தடவிய தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கியிருந்தது. டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுக்கச் சொன்னார். தேய்க்கக் கூடாது. அம்மா பூசிய விபூதியை மட்டும் அழிக்கவில்லை. மெல்லிசாக்கி விட்டார், அவ்வளவுதான்.

லைட் போட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னார். கோடாக் கம்பெனி, லேப்களில் கலர் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் அனுப்புமாம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக விழுந்தால் மெஷின் சரி! பல நிறத்துப் பெண்களும் சேர்ந்த கார்டு வந்தது 1990-களின் நடுவில்தான். ஆபீசில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். நிஜம்தான் ஸார்! பழைய குரூப் போட்டோக்களில் பல்லும் கண்ணும் மட்டுமாக நான் விழுந்ததற்கு எங்கேயோ இருந்த ஷெர்லியும் ஒரு காரணம்.

"கறுப்புத் தோலுக்கு லைட்டைக் கூட்டி நேரா அடிப்பாங்க. அடிச்சா எண்ணெய் மாதிரி மின்னும். பெரிய குடையில விட்டு, மெத்துனு பக்கவாட்டுல வரணும்" என்றவர், இன்னொரு பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் துளி தூக்கிவிட்டார். பளிச்சென்று அடித்த வெள்ளை வெளிச்சம் காணாமல் போயிற்று! தாடையை முன்னால் நீட்டிக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். ஆமை மாதிரி உணர்ந்தேன். ஆனால் ரெட்டைத் தாடை போயே போச்சு.

'ஸ்மைல் ப்ளீஸ்' எல்லாம் கிடையாது. "முதல் போட்டோ என்ன ஆச்சு?" என்று கேட்டார். டி.டி.ஆர். மாமா கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. க்ளிக்!

கூட வந்திருந்த அம்மாவைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார். அம்மா பார்த்தாள். "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கம்மா."

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஒண்ணுமில்லே... அப்படியே அவங்கப்பா. பெரிசா ஒரு காப்பி போட்டுக் குடுங்க, வீட்டுல மாட்டணும்."

அப்பா என்னைவிடக் கறுப்பு.

போன வாரம் அந்த போட்டோவை விழுப்புரத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறோம். வருகிற ஞாயிறு வருகிறார்களாம். கதவை நான்தான் திறப்பேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பஜ்ஜி இல்லை, கேசரி.